மக்டலீன் ஆடியது நெட்போல் அல்ல

நாற்பதாவது அட்டையோ என்னவோ, அதில் பேனா நின்றுவிட்டது. கிளடிஸ் அதை உதறினாள். உள்ளங்கையில் கீறிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய், மண்டபத்து வாசல் மேசையில் துக்கத்துக்கு வருகிறவர்கள் பெயர் எழுதவென்று வைத்திருந்த நல்ல பேனாவை ஒருவரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

மடியில் அட்டைக்கட்டு இருந்தது. ஒவ்வொரு அட்டையிலும் அக்கா மக்டலீன் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்புக்குக் கீழே, "யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், வேல்ஸ், ரொறன்ரோ ஆகிய இடங்களை வதிவிடமாகவும் கொண்டிருந்தவரும், ஓய்வுபெற்ற தாதியும், வேல்ஸ் நாட்டின் முன்னாள் நெட்போல் வீராங்கனையுமான செல்வி மக்டலீன் சூசைப்பிள்ளை" என்று அச்சிட்டிருந்தது. கிளடிஸ் 'நெட்போல்' என்பதன் மேல் இரண்டு தரம் கோடு இழுத்து, இருந்த துளி இடத்தில் 'உதைபந்தாட்ட' என்று பொடி எழுத்தில் எழுதினாள். அடுத்த அட்டையை எடுத்தாள்.

காலை எட்டரை. ஒன்பதரைக்குச் சனம் வரத் தொடங்கும். பத்துக்கு இரங்கல் உரைகள், பதினொன்றரைக்குக் கோவிலில் திருப்பலிப் பூசை, பிறகு அடக்கம். உள்ளே பெட்டியில் அக்கா சாம்பல் நிறச் சேலையில் கிடந்தாள். சேலையைப் பற்றிக் கிளடிஸுக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. அக்கா சேலை கட்டினாலும் எடுப்பாகத்தான் இருப்பாள்.

"மாமி, என்ன செய்யிறீங்கள்?"

அண்ணன் மகன் மரியோ. நாற்பத்தாறு வயது, கறுப்புக் கோட்டு, கையில் கோப்பி. அட்டை அடித்தவன் அவன்தான்.

"பிழை திருத்துறன்."

"முந்நூறு கார்ட் மாமி! அப்பா பாத்து ஓகே பண்ணினது."

"உன்ர அப்பா ஐம்பத்தொரு வருசமா ஓகே பண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்."

மரியோ ஒரு அட்டையைத் தூக்கிப் பார்த்தான். வாசித்தான். இன்னொரு முறை வாசித்தான். அவனுக்குத் தமிழ் வாசிப்பு மெதுவாகத்தான் வரும்.

"பெரிய மாமி ஃபுட்போலா விளையாடினவ?"

"ஓம்."

"அதுதானே!" என்றான். "என்ர மகள் ஃபுட்போல் விளையாடேக்க ஒவ்வொரு கிழமையும் வந்து லைனில நிண்டு கத்துவா. 'பின்னுக்கு வா, பின்னுக்கு வா' எண்டு. ஒருநாள் ரெஃப்ரி மாமியை கார் பார்க்கிங்குக்கு அனுப்பினவன். நெட்போல் ஆளுக்கு இவ்வளவு எப்பிடித் தெரியும் எண்டு நான் யோசிச்சனான்."

யோசித்தானே தவிர, கேட்கவில்லை. இந்தக் குடும்பத்தில் கேட்கிற வழக்கமே கிடையாது. கிளடிஸ் பாதிக் கட்டைப் பிரித்து அவன் கையில் கொடுத்தாள். "எழுத வராட்டி அந்தச் சொல்லை வெட்டி மட்டும் விடு" என்றாள்.

அக்கா இருபது வயதில் தாதிப் பயிற்சிக்கு என்று வேல்ஸுக்குப் போனாள். கும் ஹெலிக் என்று ஒரு சுரங்க ஊர். ஆஸ்பத்திரியின் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கரித்தூள் மேடு. பெண்கள் பந்து உதைக்கக் கூடாது என்று அந்த நாட்டில் ஐம்பது வருடத்துக்குக் கிட்ட இருந்த தடை அப்போதுதான் நீங்கியிருந்தது. நீங்கிய செய்தி மைதானக் காவல்காரர்களுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்காரிகளும் சமையற்காரிகளும் தாதிகளுமாகச் சேர்ந்து எழுபத்தொன்றில் ஒரு கழகம் தொடங்கினார்கள். ஆண்களின் கழகம் மைதானம் தர மாட்டோம் என்றது. சரி என்று ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த சரிவில் ஆடினார்கள். முதலில் ஆடுகளைத் துரத்த வேண்டும், பிறகுதான் ஆட்டம். உடை மாற்றுவது சலவை அறையில், காய்ந்துகொண்டிருந்த படுக்கை விரிப்புகளுக்கு நடுவில்.

முதல் வருடம் ஆடிய ஆட்டமெல்லாம் தோல்வி. ஒன்றில் பதினான்குக்குப் பூச்சியம். ஊர்ப் பத்திரிகை, இந்தப் பெண்கள் வீட்டில் பாத்திரம் கழுவினால் ஊருக்கு நல்லது என்று எழுதியது. அவர்கள் அந்தத் துண்டை வெட்டிச் சலவை அறைச் சுவரில் ஒட்டிவைத்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போகுமுன் அதில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்கள். மூன்றாம் வருடம் பள்ளத்தாக்குக் கிண்ணம் அவர்களுக்கு. இறுதி ஆட்டத்தன்று மைதானக் கேற்றைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். இரண்டு அணியும் மதிலேறிக் குதித்து உள்ளே போய் ஆடின. நடுவர் கொஞ்சம் தடித்தவர்; அவரை நான்கு பேர் தூக்கி ஏற்றினார்கள்.

இதெல்லாம் கழகத்தின் ஐம்பதாவது வருடத்துக்கு அவர்கள் அடித்த சிறு புத்தகத்தில் இருந்தது. போன மாதம் ரொறன்ரோ ஆஸ்பத்திரியில் கிளடிஸ்தான் அதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினாள். நூற்றிப்பன்னிரண்டு ஆட்டங்கள், அக்காவின் பெயருக்கு நேரே.

எழுபத்துநான்கில் கிண்ணத்தோடு எடுத்த படம் ஊருக்கு வந்தது. தபாலை வாங்கி உறையைப் பிரித்தவள் பதினேழு வயதுக் கிளடிஸ். பதினொரு பெண்கள், கட்டைக் காற்சட்டை, முகம் வரை சேறு. நடுவில் அக்கா ஒரு முழங்காலில் நின்று, பந்தின்மேல் கை வைத்து, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக ஒரு பெண்ணைக் கிளடிஸ் அதற்கு முன் பார்த்ததில்லை. தகப்பன், அப்பு, பார்த்தார். படத்தை ஸ்ரூடியோவுக்குக் கொண்டுபோய் இடுப்புக்குக் கீழே வெட்டுவித்து, மேற்பாதியை மட்டும் சட்டம் போட்டு மாட்டினார். கால்களும் பந்தும் போயின. கேட்டவர்களுக்கு, "மூத்தவள் அங்கை நெட்போல் ஆடுறாள்" என்றார். நெட்போல் கன்னியர்மடத்துப் பிள்ளைகள் கையால் எறிந்து ஆடுவது. மதர்மாரே விசில் ஊதுவது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இளையவளுக்கு இனி இடம் பார்க்க வேண்டுமே.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய் என்பார்கள். அப்புவுக்கு ஒன்றே போதுமாக இருந்தது. கிளடிஸுக்கு நல்ல இடம் வந்தது, வாத்தியார் குடும்பம். அக்காவுக்குக் கடிதம் போனது, இனி இப்படிப் படம் அனுப்பாதே என்று. அவள் அனுப்பவில்லை. ஆட்டத்தையும் நிறுத்தவில்லை.

பிறகு ரொறன்ரோ. சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாறாம் மாடியில் அக்காவின் ஒற்றை அறை வீட்டில்தான் எல்லாரும் வந்து இறங்கினார்கள். அண்ணன் குடும்பம் எட்டு மாதம், கிளடிஸ் குடும்பம் ஒரு வருடம். சோறும் அவளே, பனிச்சப்பாத்தும் அவளே. அந்த வீட்டிலிருந்தபோதும் அவளை நெட்போல்காரி என்றுதான் சொன்னார்கள். அவளும் மறுத்ததில்லை. ஆஸ்பத்திரியில் புத்தகத்தை வாசித்து முடித்த அன்றுதான் சொன்னாள்.

"உந்த நெட்போலை எடுத்துப்போடு, கிளடிஸ்."

"இப்ப என்னத்துக்கு அக்கா?"

"உனக்காகச் சொன்ன பொய். நீதான் எடுக்க வேணும். எனக்கு அப்பவும் வெக்கமில்லை, இப்பவும் இல்லை. உன்ர கலியாணமும் முடிஞ்சு, பிள்ளையளும் பிறந்து, மனுசனும் போய்ச் சேந்திட்டார். இனி ஆருக்குக் காவல்?"

கிளடிஸ் அன்று தலையை மட்டும் ஆட்டினாள். அக்கா அவளைப் பார்த்த பார்வை, பந்தை வைத்துக்கொண்டு உதைக்காமல் நிற்கிறவளைப் பார்க்கிற பார்வை.

ஒன்பதேகாலுக்கு அண்ணன் அகஸ்ரின் மார்க்கம் நகரிலிருந்து வந்து இறங்கினார். எண்பது வயது. பச்சை பிளேசர், கழகத்துக் கழுத்துப்பட்டி. ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் ரொறன்ரோக் கிளைக்கு அவர்தான் தலைவர். ஒரு காலத்தில் ஊர்க் கழகத்தின் கப்டன். அவர் அடித்த கோல்களைப் பற்றி அவரைவிட அதிகமாக ஒருவருக்கும் தெரியாது. அவர் ஒரு அட்டையை எடுத்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"உது என்ன கூத்து?"

"உண்மை, அண்ணை."

"செத்தவீட்டில நிண்டு ஃபுட்போல் கதை கதைக்கப் போறியோ? சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிக்கிறதுக்கு ஏத்த ஆள்தான் அவள்."

"பொம்பிளை காற்சட்டையோடை சேத்துக்குள்ளை விழுந்தெழும்பின கதையை மைக்கில சொல்லிப் போட்டு நான் எப்பிடி வெளியால போறது?"

கிளடிஸ் பேனாவை மூடினாள். அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஆனாலும் மெதுவாகத்தான் கேட்டாள். "உங்கட கழகத்தில ஆடின ஒருத்தர் செத்தால் பெட்டிக்கு மேலை கொடி விரிக்கிறியள். வாற கண்ணீரென்ன, ஒரு நிமிச மௌனமென்ன. ரெண்டு சீசன் பெஞ்சிலை குந்தியிருந்த செபமாலைக்கும் விரிச்சனீங்கள். அக்கா நூற்றிப்பன்னிரண்டு மட்ச் ஆடினவள்."

"அது எங்கட கழகத்துக்கு, பிள்ளை."

"உங்கட கொடி ஆருக்கு வேணும்? அவளுக்குக் கழகம் இருக்குது. அந்த மனுசியள் வேல்ஸில, அங்கத்தைய நேரம் பின்னேரம் மூண்டு மணிக்கு ஒண்டாச் சேந்து இதை நேரலையில பாக்கப் போகினம். அந்தப் பேரை மறைக்காதேங்கோ எண்டுதான் சொல்லுறன்."

அகஸ்ரின் சுற்றுமுற்றும் பார்த்தார். மரியோ குனிந்தபடி அட்டை வெட்டிக்கொண்டிருந்தான். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பொய்யிலை கலியாணம் கட்டினது நீ. நானில்லை."

அது உண்மை. சுள்ளென்று பட்டது. அவர் கழுத்துப்பட்டியைச் சரி செய்துகொண்டு உள்ளே போனார். அவருக்கும் ஒரு சொந்தக் காயம் இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். எழுபத்தைந்தில் எதிர்க் கழகத்துப் பெடியள் வேலியோரம் நின்று, "கப்டன், ஆள் காணாட்டித் தங்கச்சியைக் கூப்பிடுங்கோ" என்று கத்தினார்கள். அரசல்புரசலாக எப்படியோ கதை போயிருந்தது. அன்று அவர் பெனால்ரியை வெளியே அடித்தார். ஆனால் ஐம்பது வருடத்துக்கு முந்திய ஒரு பெனால்ரிக்காக அக்காவை இன்னொரு தரம் வெட்டுவதா?

பத்து மணிக்கு மண்டபம் நிறைந்தது. கதிரைகளுக்குப் பின்னால் முக்காலியில் கமரா. பாரிஸ், லண்டன், யாழ்ப்பாணம் என்று உறவுகள் எல்லாம் அதற்குள்தான் இருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து, அன்னார் அமைதியானவர், அன்னார் அடக்கமானவர் என்று பேசினார்கள். அக்கா அமைதியாக இருந்ததைக் கிளடிஸ் இந்த மூன்று நாளாகத்தான் பார்க்கிறாள். முன்வரிசையில் கையைப் பிசைந்துகொண்டு அவள் காத்திருந்தாள், அண்ணன் என்ன சொல்லப்போகிறார் என்று.

கடைசியாக அகஸ்ரின் எழுந்தார். நன்றாகத்தான் பேசினார். பதினாறாம் மாடி வீட்டைப் பற்றிச் சொன்னபோது அவர் குரல் உடைந்தது, அது நடிப்பில்லை. பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், முன்வரிசையைப் பார்த்தார். "என் தங்கை வேல்ஸ் நாட்டிலே நெட்போல் ஆடி எமது மண்ணுக்குப் பெருமை சேர்த்தவள்" என்றார்.

சனம் அட்டையைப் பார்த்தது. சிலருடைய அட்டை திருத்தியது, சிலருடையது வெறும் வெட்டு, சிலருடையது அப்படியே. பக்கத்து ஆளின் அட்டையை எட்டிப் பார்த்தார்கள். முணுமுணுப்பு எழுந்தது.

கிளடிஸ் எழுந்து போய் மைக்கைப் பிடித்தாள். நிகழ்ச்சி நடத்தியவர் கழகத்துச் செயலாளர். "அன்ரி, நேரம் போட்டுது. கோவிலுக்குப் போகவேணும்" என்றார்.

"கோவில் ஓடாது தம்பி."

மைக் உயரமாக இருந்தது. அவளுக்கு அதை இறக்கத் தெரியவில்லை. பின்னாலிருந்து மரியோ வந்து இறக்கி வைத்துவிட்டு, அப்பாவின் முகத்தைப் பாராமல் போய் உட்கார்ந்தான்.

"நான் கிளடிஸ். மக்டலீன்ர தங்கச்சி. அக்கா நெட்போல் ஆடினவள் இல்லை. ஃபுட்போல் ஆடினவள். ஒன்பது வருசம். நெட்போல் எண்டது என்ர கலியாணத்துக்காக எங்கட அப்பு சொன்ன பொய். எனக்கு அப்ப பதினேழு வயசு. வெட்டாத படத்தை நான் கண்ணால பாத்தனான். தெரிஞ்சுகொண்டுதான் கழுத்தை நீட்டினனான். அவள் எனக்காக வாயை மூடினாள். நான் எனக்காக மூடினனான். ரெண்டும் ஒண்டில்லை."

அவள் கைபேசியை எடுத்தாள், கமராவுக்கு நேரே திரும்பினாள். கும் ஹெலிக் பெண்களுக்கு அவள் ஆங்கிலத்தில் நல்வரவு சொன்னாள். கிண்ணம் வென்ற அணியின் பெயர்களை வாசிக்கப் போவதாகச் சொன்னாள். வாசித்தாள். ரியன், மெகன், டிலிஸ் வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனது. க்வென்லியனில் நாக்குச் சிக்கியது. நிறுத்தினாள், மறுபடி சொன்னாள். செயலாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். அவள் ஒரு பெயரையும் விடவில்லை. குடும்பப் பெயர்களோடு சேர்த்து, ஒவ்வொன்றாக, பதினொன்றாவதாக மக்டலீன் சூசைப்பிள்ளை என்பது வரைக்கும் வாசித்தாள்.

"அவ்வளவுதான்" என்றாள். "இனிக் கோவிலுக்குப் போவம்."

பூசையிலும் சேமக்காலைக் கல்லறைகள் நடுவிலும் ஒருவரும் அவளோடு கதைக்கவில்லை. ஏப்ரல் மண் ஈரமாக இருந்தது. அகஸ்ரின் குழியின் மறுபக்கம் நின்றார். ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். கிளடிஸ் அழுதாள். சத்தமாக, மூக்கு ஒழுக அழுதாள். வெட்கப்பட அவளுக்கு இப்போது ஒன்றும் மிச்சமில்லை.

அடக்கம் முடிந்து கோவில் மண்டபத்தில் மத்தியானச் சாப்பாடு. கை கழுவுகிற இடத்தில் அவளுடைய மச்சாள், செத்துப்போன கணவரின் தமக்கை, பக்கத்தில் வந்து நின்றாள். எண்பத்திரண்டு வயதிலும் முள்ளுப் போன்ற பார்வை அவளுக்கு.

"எங்களுக்கு அப்பவே தெரியும், கிளடிஸ்."

"என்ன தெரியும்?"

"பொம்பிளை பாக்க வந்த அண்டே தெரியும். சுவரில அந்த அரைப் படம் தொங்கினது. முகமெல்லாம் சேறு. நெட்போலுக்கு ஆர் சேத்துக்கை விழுகிறது? எங்கட அம்மா வெளியில வந்து விழுந்து விழுந்து சிரிச்சவ. நல்ல தைரியமான குடும்பம், கட்டிவைப்பம் எண்டு சொன்னதும் அவதான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்துவிட்டோம் என்று ஒரு வீட்டார் இருக்க, மறு வீட்டார் அதைக் கண்டும் ஐம்பது வருடம் பேசாமல் சாப்பிட்டிருக்கிறார்கள்.

"பிறகேன் ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்தம்" என்று மச்சாள் கையைத் துடைத்தாள். "இண்டைக்குச் சொன்னாய். நல்லாச் சொன்னாய்."

மகிழ்ச்சியாக இருக்க வேண்டியது. அவளுக்கோ கோபம்தான் வந்தது. அப்புவின் மேல், அண்ணனின் மேல், எல்லாவற்றையும்விடப் படத்தைப் பார்த்துவிட்டு உறையை மறுபடி ஒட்டிய அந்தப் பதினேழு வயதுக்காரியின் மேல். காவலே தேவைப்படாத வாசலில் அக்காவை ஆயுள் முழுக்க நிறுத்திவிட்டார்கள். அதை இனிப் போய்ச் சொல்லவும் ஆள் இல்லை.

அவள் போய் ஒரு மேசையில் உட்கார்ந்தாள். எதிரே கதிரை இழுபட்டது. அகஸ்ரின். பிளேசரைக் கழற்றி எங்கேயோ விட்டிருந்தார். வெள்ளைச் சட்டையில் ஆள் சின்னதாகத் தெரிந்தார். அவர் முன்னால் இருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார், மூடினார்.

"எந்த இடத்தில நிண்டவள்?" என்றார்.

"என்ன?"

"அவள்... மக்டலீன். எந்த பொசிஷன்?"

ஊர்க் கழகத்தில் எவன் புதிதாக வந்தாலும் முதலில் கேட்கிற கேள்வி அது. தெருவில் போகிற பெடியனைப் பிடித்துக்கூட அண்ணன் அதைக் கேட்பார். சொந்தத் தங்கச்சியைப் பற்றிக் கேட்க ஐம்பத்தொரு வருடம் பிடித்திருக்கிறது. கிளடிஸுக்கு விடை தெரியும். இடம், இலக்கம், எந்த ஆட்டத்தில் எந்தக் காலில் அடிபட்டது என்பது வரைக்கும் தெரியும். நாக்கு நுனி வரை வந்தது. அவள் சொல்லவில்லை.

மேசையிலிருந்த கைபேசி அப்போது அதிர்ந்தது, கும் ஹெலிக்கிலிருந்து. ரியன். கிளடிஸ் திறந்தாள். திரையில் வெள்ளைத் தலைகள் ஏழெட்டு ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தெரிந்தன. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாரோ ஒருத்தி மூக்கைச் சீறினாள்.

"என்னட்டை ஏன் கேக்கிறியள், அண்ணை?" என்றாள் கிளடிஸ். "இந்தாங்கோ. ஆடினவையளிட்டைக் கேளுங்கோ."

கைபேசியை அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தாள். அவளுக்குப் பசித்தது. சாப்பாட்டு வரிசையில் போய் நின்று, தட்டில் சோறு வாங்கினாள், மீன் குழம்பு வாங்கினாள், இன்னொரு துண்டு மீன் கேட்டு வாங்கினாள். பின்னால் அண்ணனின் குரல் கேட்டது. இருபத்தைந்து வருடத் தொழிற்சாலை ஆங்கிலத்தில், தான் அவளுடைய அண்ணன் என்று அவர் தொண்டையைச் செருமிச் செருமிச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு எல்லாக் கிழவிகளும் ஒரேயடியாகத் தொடங்கினார்கள்.

அவள் உதவிக்குப் போகவில்லை. அப்பளத்தை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது, அகஸ்ரின் எழுந்து நின்றிருந்தார். கைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "லெஃப்ட்? லெஃப்ட் ஃபுட்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கதிரைகளுக்கு நடுவில் அவருடைய இடது சப்பாத்து தரையோடு மெல்ல வெளியே நகர்ந்து, ஒரு கணம் நின்று, மறுபடி உள்ளே வந்தது.